நிமிடத்துக்கு நூற்றிருபத்தைந்து

"அழகர் குதிரைய விட்டு எறங்கி வந்து, 'கிரிதரா, கொஞ்சம் மெல்லப் போடுப்பா'ன்னு கேட்டாலும் நூத்தி இருபத்தஞ்சுதான். ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. வேணும்னா மதுரை தன் வேகத்தக் கூட்டிக்கிடட்டும்."

கிரிதரன் இந்த அருள்வாக்கை உதிர்த்தது 1996ஆம் ஆண்டு, சித்திரைத் திருவிழா முடிந்த மறு வாரம், ஜெயக்கொடி ஒலி ஒளி அமைப்பகத்தின் வாசலில். கேட்ட பாக்கியம் பெற்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் அமைப்பகத்தின் உரிமையாளர் ஜெயக்கொடி. மற்றவர் அவருடைய ஜெனரேட்டரைப் பதினைந்து வருடமாகக் கயிறு இழுத்துக் கிளப்பி வருகிற பேயாண்டி. பேயாண்டி அப்போது வடை தின்றுகொண்டிருந்தார்.

"எது நூத்தி இருபத்தஞ்சு? சவுண்டா?" என்றார் அவர்.

"அடி. நிமிஷத்துக்கு நூத்தி இருபத்தஞ்சு அடி."

"யார?"

கிரிதரன் பேயாண்டியின் விரல்களில் இருந்த எண்ணெயைப் பார்த்தான். அந்த விரல்கள் சற்று நேரத்தில் எந்த ஒயரைத் தொடும் என்று நினைத்துப் பார்த்தான். பையிலிருந்து ஸ்பிரிட் புட்டியையும் பஞ்சையும் எடுத்துத் தன் கையைத் துடைத்துக்கொண்டான். அவன் கையில் எண்ணெய் இல்லை. இருந்தாலும் துடைத்துக்கொண்டான்.

வரலாற்றில் இடம்பெறப் போகிறவர்களின் முகத்தைப் பற்றி நாலு வரி எழுதுவது வழக்கம். காய்ச்சிய பாலில் பல்லி மிதப்பதைக் கண்டவர் முகம் எப்படி இருக்குமோ, கிரிதரன் முகம் அப்படி இருக்கும். அது எப்போது வந்தது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. பிறந்த அன்றே வந்துவிட்டது என்பார் தாயார் ரங்கநாயகி. நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தடவியபோது பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டதாம். அதைச் சௌராஷ்டிர மொழியில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். மகால் பக்கத்தில் சாயமும் சரிகையும் விற்கிற குடும்பம் அது. பெருமாள் படத்துக்குத் துளசி சாற்றாமல் பல் விளக்க மாட்டார்கள். மாமிசம் தெருமுனையோடு நின்றுவிடும். பிற்பாடு ஒரு வாரப்பத்திரிகைக்காரர் வந்து, 'தறியின் ஓசையில் தாளம் பயின்ற கலைஞன்' என்று உருகி எழுதிவிட்டுப் போனார். அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் தறியில் உட்கார்ந்ததில்லை. கிரிதரன் அந்தப் பத்திரிகையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் கொல்லைப்புறத்தில் போட்டான்.

அவனுக்குத் தாளம் வந்தது கேசட்டில். 1991இல் பம்பாயிலிருந்து வந்த சித்தப்பா மகன் ஹரிராம், திரும்பும் அவசரத்தில் குளியலறை ஜன்னலில் ஒரு கேசட்டை மறந்து வைத்துவிட்டுப் போனான். கிரிதரன் அதைத் துடைத்துவிட்டுப் போட்டுக் கேட்டான். எட்டு நிமிடம் ஒரே பாட்டு. அதில் யாரும் பாடவில்லை. யாரும் அழவில்லை, யாரும் யாரையும் காதலிக்கவில்லை, மழை பெய்யவில்லை, தாயின் கருணை பற்றி ஒரு வார்த்தை இல்லை. தும், தும், தும், தும் என்று ஒரே சீரான அடி. அதன் மேல் ஒரு ஓசை வருகிறது, நாலு சுற்றுப் போகிறது, விலகுகிறது. இன்னொன்று வருகிறது. யாரும் எதையும் தொட்டுக் கறையாக்காத, புதிதாகக் கழுவி விட்ட தரை போல இருந்தது அந்தப் பாட்டு. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினான். நிமிடத்துக்கு நூற்றிருபத்தைந்து. அன்று அவன் முகச்சுளிப்பு எட்டு நிமிடம் அவிழ்ந்திருந்தது. ரங்கநாயகி பயந்துபோய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

இந்த இசைக்கு ஹவுஸ் என்று பெயர் எனப் பிறகு தெரிந்துகொண்டான். உலகத்தின் பெரிய நகரங்களில் இதைப் போட்டு ஆட்களை ஆட வைப்பதே ஒரு தொழில் என்றும், அதைச் செய்பவனுக்கு டிஜே என்று பெயர் என்றும், அந்தத் தொழிலில் மதுரைக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை என்றும் தெரிந்துகொண்டான். காலியிடத்தைத் தானே அறிவித்து, தானே விண்ணப்பித்து, தன்னையே தேர்ந்தெடுத்துக்கொண்டான்.

கருவிக்கு வழியில்லை. ஒரு ரேடியோ மெக்கானிக்கைப் பிடித்து இரண்டு டேப்ரிக்கார்டர்களின் மோட்டாரில் திருகு வைத்து, ஒரு பாட்டின் அடி மேல் அடுத்த பாட்டின் அடி பிசகாமல் உட்காரும்படி ஓட்டப் பழகினான். இரண்டு வருடம் ஆயிற்று. பழகியதைக் காட்ட ஒரு ஒலி அமைப்பகம் வேண்டுமே என்றுதான் ஜெயக்கொடியிடம் வந்தான். ஜெயக்கொடி நல்ல மனிதர். எந்தச் சங்கீதத்தின் மேலும் அவருக்குப் பகையோ பாசமோ கிடையாது. ஸ்பீக்கர் பாக்ஸ் கிழியாமல் இருந்தால் போதும்.

அதன் பிறகு வந்த ஏழு வருடமும் அருவருப்பின் வரலாறு. கல்யாண வரவேற்பு, காதுகுத்து, சடங்கு, கடை திறப்பு என்று கிரிதரன் போகாத மண்டபம் இல்லை. எல்லா மண்டபத்திலும் அவனுக்கு ஒதுக்கிய மூலை கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் வாய் கொப்பளித்து, மீசையைத் துடைத்து, ரசம் வழிகிற விரலை அவன் பாட்டுகளைக் கலக்குகிற மிக்சர் மேல் ஊன்றிக்கொண்டு, "தம்பி, நல்ல பாட்டா ஒண்ணு போடுறது" என்பார்கள். ஸ்பீக்கர் பெட்டிகளுக்குள் போன வாரத்துக் கல்யாணத்து எலி குடும்பம் நடத்தியிருக்கும். பிள்ளைகள் பாயசக் கிண்ணத்தை ஆம்ப்ளி மேல் கவிழ்ப்பார்கள், சூட்டில் அது வேர்க்கடலை மிட்டாய் போல ஒட்டிக்கொள்ளும். மாலையிலிருந்து உதிர்ந்த ஈர ரோஜா இதழ்கள் கேசட் வாய்க்குள் போய்விடும். கிரிதரன் மாதம் மூன்று புட்டி ஸ்பிரிட் வாங்கினான். மருந்துக் கடைக்காரர் அவன் குடிக்கிறான் என்றே நம்பினார்.

இத்தனைக்கும் அவன் ஏதும் கேட்கவில்லை. ஒரே ஒரு ஆசை. தன் பாட்டுக்கு ஒரு மதுரைக்காரன் முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை நின்று ஆட வேண்டும். ஒருவன் போதும். முழுசாக.

அது நடக்கவில்லை. அதற்கு மின்சார வாரியமும் ஒரு காரணம் என்று சொன்னால் சற்று மிகையாகத் தோன்றும். ஆனால் நடந்தது இதுதான். ஹவுஸ் பாட்டின் நடுவில் அடி திடீரென்று நின்றுபோகும். பதினாறு எண்ணிக்கைக்கு ஏதோ ஒரு மெல்லிய ஓசை மட்டும் தொங்கும். ஆடுகிறவர்கள் கையைத் தூக்கிக் காத்திருப்பார்கள். அப்புறம் அடி இடிபோல வந்து விழும். அந்தப் பதினாறு எண்ணிக்கைக்காகத்தான் வெளிநாட்டில் ஆட்கள் டிக்கெட் எடுக்கிறார்கள். மதுரையிலோ ஒரு மண்டபத்தில் சத்தம் நின்றால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு.

வில்லாபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. நாலைந்து இளவட்டங்கள் எழுந்து ஆடக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். அடி நின்றது. "கரண்டு போச்சுப்பா" என்று ஒரு பெரியவர் அறிவித்தார். முந்நூறு பேரும் கையிலிருந்த அழைப்பிதழால் விசிற ஆரம்பித்தார்கள். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. பதினைந்து வருடப் பழக்கத்தில் பேயாண்டி பாய்ந்தோடி ஜெனரேட்டர் கயிற்றை இழுத்து, சுவிட்சைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். அந்த ஒரு நொடியில் நிஜமாகவே கரண்டு போய்விட்டது. டேப்ரிக்கார்டருக்குப் பதிலாக அப்போதுதான் வந்திருந்த சிடி பிளேயர் செத்துப் பிழைத்து, பாட்டை முதலிலிருந்து தொடங்கியது.

"பாத்தீகளா, எம்புட்டு சீக்கிரம்" என்றார் பேயாண்டி, வேர்வையைத் துடைத்தபடி.

"அண்ணே, கரண்டு போகல."

"போகாமயா மாப்ள நான் ஓடுனேன்?"

பேயாண்டி அடுத்த மண்டபத்திலும் ஓடினார். அதற்கடுத்ததிலும். ஜெயக்கொடி மட்டும் ஒரு நாள் தனியாகச் சொல்லிப் பார்த்தார்: "தம்பி, நம்ம ஆளுக வேகத்துக்கு இது ஒத்துவரல. கொஞ்சம் எறக்கிப் போட்டா காலு வைப்பாய்ங்கெ. நூத்திப்பத்து. உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்."

"நூத்தி இருபத்தஞ்சுண்ணே."

"கல்லுப் பிள்ளையார்கிட்ட பேசுறாப்புலயே இருக்கப்பா."

2001இல் ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. டிஜே கிரிதரன் தயாரிப்பாளர் கிரிதரனாக உயர்ந்தான். சொந்தமாக ஒரு பாட்டுச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தபோது அவனுக்குக் கிடைத்த முதல் மூலப்பொருள் பக்கத்து மாடியிலிருந்து வந்தது. ஓய்வுபெற்ற தலைமைக் கணக்கர் ஹாலாஸ்யம் அங்கே குடியிருந்தார். தினமும் காலை ஐந்தரைக்கு அவர் நாக்கு வழிப்பார். தெருவுக்கே தெரிந்த பதினோரு நிமிட நிகழ்ச்சி அது. அடிவயிற்றிலிருந்து ஒரு காறல் கிளம்பும், தொண்டையில் இரண்டு முறை புரளும், ஓக் என்று வெளியேறும், பித்தளைச் செம்பு தண்ணீர்த் தொட்டியில் ணங்கென்று விழும். கிரிதரன் பத்து வருடமாகக் காதில் பஞ்சு வைத்துப் படுத்தவன். ஆதாரத்தோடு அவருடைய வீட்டுச் சொந்தக்காரரிடம் புகார் சொல்லலாம் என்று ஒரு நாள் மைக்கை ஜன்னலில் கட்டிப் பதிவு செய்தான். கம்ப்யூட்டரில் போட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டான். தாங்கிக்கொண்டு எண்ணிப் பார்த்தான். இரண்டு காறலுக்கு நடுவே ஏழு புள்ளி ஆறு எட்டு செக்கண்டு. நூற்றிருபத்தைந்தில் சரியாகப் பதினாறு அடி. பெரியவர் பதினோரு நிமிடமும் ஒரு இம்மி பிசகவில்லை. மதுரையில் தாளசுத்தம் உள்ள ஒரே ஆள் அவர்தான் என்று கிரிதரனுக்கு அன்று தெரிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

எட்டு நிமிடம் பதினான்கு செக்கண்டுக்குப் பாட்டு தயாரானது. காறல் வரும், புரளும், செம்பு விழும், அடியில் தும் தும். ஜெர்மனியில் இந்த மாதிரி இசைத்தட்டு போடுகிற ஒரு சிறு கம்பெனிக்குச் சிடியைப் பதிவுத் தபாலில் அனுப்பினான். ஆறு மாதம் பதில் இல்லை. 2003 ஜூலையில் பிரவுசிங் சென்டரின் பிசுபிசுப்பான கீபோர்டைத் துடைத்துவிட்டு மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால் பதில் இருந்தது. பாட்டு மிகவும் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். குறிப்பாக அந்தத் தோல் கருவியும், அதைத் தொடர்கிற உலோக மணியும். அது உங்கள் ஊரின் தொன்மையான வாத்தியமா என்று கேட்டிருந்தார்கள். கிரிதரன் கீபோர்டை இன்னொரு முறை துடைத்துவிட்டு, ஆம், விடியற்காலையில் மட்டும் வாசிப்பார்கள் என்று எழுதினான்.

கூடவே ஒரு நிபந்தனையும் வந்திருந்தது. ஐந்நூறு தட்டு போடத் தயார். ஆனால் இது ஆடுவதற்கான பாட்டு. உங்கள் ஊரில் ஆடுகிறார்களா? ஒரே ஒருவர் ஆடினாலும் சரி, பாட்டு முழுவதும், வெட்டாமல், வேகம் மாற்றாமல் வீடியோ எடுத்து செப்டம்பர் பத்துக்குள் அனுப்புங்கள்.

கிரிதரன் அந்தக் கடிதத்தை அச்செடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஆடி மாதம் விசேஷம் கிடையாது. ஆவணி பிறந்ததும் ஓடினான். முதல் விசேஷத்தில் மூன்றாவது நிமிடத்தில் தாய்மாமன் சீர் வந்துவிட்டது, கொட்டுக்காரர்கள் இவன் பாட்டை மிதித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அடுத்ததில் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடினார்கள், ஆனால் நாற்பது செக்கண்டில் ஒருவன் வாந்தியெடுத்தான். கேமராக்காரர் கடமை தவறாமல் அதைக் கிட்டத்தில் எடுத்தார். மூன்றாவதில் ஒரு மாமி வந்து, "யாருக்குப்பா உடம்பு சரியில்ல, ஒரே காறலா கேக்குது" என்று வெந்நீர் கொடுத்துவிட்டுப் போனார்.

மிச்சம் இருந்தது ஒன்று. செப்டம்பர் ஏழு, ஞாயிறு, சமயநல்லூரில் ஒரு காதுகுத்து. ரோட்டோர மண்டபம். பதினொரு கிடாய் வெட்டியிருந்தார்கள். தரையெல்லாம் வழுவழுவென்று கொழுப்பு. ஈக்கள் மிக்சரின் ஒவ்வொரு குமிழிலும் ஒன்றாக உட்கார்ந்து சோதனை செய்தன. எலும்பு கவ்விய ஒரு நாய் மேடைக்கு அடியில் படுத்திருந்தது. கிரிதரன் கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு ஒயரை மாட்டினான்.

பகல் மூன்று மணி வரை யாரும் அசையவில்லை. கறிச்சோறு தின்றவர்கள் நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தார்கள். பேயாண்டி நாலாவது பந்தியில் இருந்தார். கூலிக்கு வந்த வீடியோக்காரர் மணி பார்த்தார். கிரிதரன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அப்போது சமையல் கட்டிலிருந்து மண்டபத்தின் சமையல் மாஸ்டர் பால்பாண்டி வந்தார். நூற்றுப் பத்துக் கிலோ. மேலே சட்டை இல்லை. லுங்கி எந்த நிறத்தில் வாங்கியது என்று சொல்ல முடியாது. மார்பு மயிரில் மஞ்சள் தூள், முழங்கை வரை கிடாயின் கொழுப்பு, நகக்கண்ணில் காய்ந்த ரத்தம், அதற்கும் மேலே ஒரு பீடி வாடை. நேராக வந்து வலது கையை மிக்சரின் மேல் வைத்தார்.

"அண்ணே, அந்தக் காறித் துப்புற பாட்டு ஒண்ணு வச்சிருக்கீகள்ல. அதப் போடுங்க."

கிரிதரன் அந்தக் கையையே பார்த்தான். "எங்க கேட்டீக?"

"போன மாசம் திருவாதவூருல போட்டீக. பின்னாடி வெங்காயம் வெட்டிக்கிட்டு இருந்தேன். கை தானா போகுதுண்ணே. அம்பது கிலோ, கண்ணுல தண்ணி வர்றதுக்கு முன்னயே முடிஞ்சிருச்சு. யாரு அந்தப் பெரியவரு? நல்லாக் காறுறாரு."

ஜெர்மனிக்காரர்களுக்குத் தெரியாதது இவருக்கு ஒரு முறை கேட்டதிலேயே தெரிந்திருந்தது. கிரிதரன் வீடியோக்காரருக்குக் கண்ணைக் காட்டினான். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டைப் போட்டான்.

பால்பாண்டி ஆடினார். அதை அழகு என்று எழுதினால் பொய். தொப்பை ஒரு பக்கம் போனால் அவர் இன்னொரு பக்கம் போனார். அக்குளிலிருந்து வேர்வை தெறித்து முன்வரிசையில் தூங்கியவரின் வாயருகே விழுந்தது. ஆனால் கால் ஒவ்வொரு அடியிலும் சரியாக விழுந்தது. ஒவ்வொரு காறலுக்கும் கழுத்தை வெட்டினார், செம்பு விழும்போது விரலைச் சொடுக்கினார். ஒரு நிமிடம். இரண்டு. நான்கு. ஜெயக்கொடி எழுந்து வந்து கிரிதரனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஐந்தாவது நிமிடத்தில் அடி நின்றது. கிரிதரன் பந்திப் பக்கம் பார்த்தான், பேயாண்டி இன்னும் இலையை விட்டு எழவில்லை. நாற்காலிகளில் நாலைந்து பேர் கண் விழித்துக் காற்றாடியைத் தேடினார்கள். பால்பாண்டி தேடவில்லை. ஒரு கையை மேலே தூக்கி, உலையில் கொதி வரக் காத்திருக்கிறவர் போலத் தலையைச் சாய்த்து நின்றார். வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பதினாறு எண்ணி அடி விழுந்தபோது அவர் காலும் விழுந்தது. கொழுப்புத் தரையில் சப்பென்று ஒரு சத்தம்.

ஆறாவது நிமிடத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. முப்பது வருடம் விறகுப் புகை தின்ற நெஞ்சு. விசில் போலச் சத்தம் வந்தது. ஒரு கையை முழங்காலில் ஊன்றினார், இன்னொரு கை மட்டும் தாளத்தை விடவில்லை. கால் அரை அடி பிந்தியது. எச்சிலை விழுங்கிக்கொண்டு அதைப் பிடித்தார். மறுபடி பிந்தியது. இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அவர் கிரிதரன் பக்கம் திரும்பவில்லை. மெல்லப் போடச் சொல்லவும் இல்லை. கேட்டிருந்தால் கிரிதரன் மறுத்திருப்பான், அதற்கான வாக்கியம் அவனிடம் தயாராக இருந்தது.

சிடி பிளேயரின் வலது ஓரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளுபொத்தான் இருந்தது. அதன் மேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. கிரிதரன் ஆள்காட்டி விரலை நீட்டினான். ஈ பறந்தது. விரல் அங்கேயே தங்கியது. பிறகு மயிரிழை மயிரிழையாக, யார் காதுக்கும் தெரியாதபடி, கீழே இறங்கியது. நூற்றிருபத்து மூன்று. நூற்றிருபது. பால்பாண்டியின் முழங்காலிலிருந்து கை எழுந்தது. நூற்றுப் பதினாறு. முதுகு நிமிர்ந்தது. ஹாலாஸ்யத்தின் காறல் சற்றுத் தடித்து, ஆழமாக, நிதானமாகப் புரண்டது. நூற்றுப் பத்தில் பால்பாண்டியின் கால் அடியைப் பிடித்துக்கொண்டது.

"என்னப்பா, சத்தம் ஒரு மாதிரி…" என்று ஜெயக்கொடி வேகத்தின் எண்கள் ஓடுகிற சின்னக் கண்ணாடியை எட்டிப் பார்க்க வந்தார்.

கிரிதரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கொழுப்பு படிந்திருந்த அந்தக் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தான்.

"ஒண்ணுமில்லண்ணே. அங்க பாருங்க, ஆடுறாரு."